கொள்கை என்ன என்று வேட்பாளரையே கேளுங்கள்
(வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: எங்கள் தொகுதியில் அமெரிக்கக் காங்கிரஸுக்கு (நாடாளுமன்றத்துக்கு) நிற்பவரின் இணையதளத்தில், 'சட்டப்படியான குடியேற்றத்தை முழுமையாக ஆதரிக்கிறேன்' என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. கிரீன் கார்டு (நிரந்தர வசிப்பு அனுமதி) வரிசையில் பல வருடமாக நிற்கும் என் தம்பிக்கு இவரால் ஏதாவது நடக்குமா?
- ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்: அந்த வரியை எதிர்ப்பவர் யாரும் இல்லை. அதனால்தான் அதை எழுதியிருக்கிறார்கள். உங்கள் தம்பியின் பிரச்சினைக்கும் அந்த வரிக்கும் சம்பந்தம் குறைவு. வேலை வழியாக வருடத்துக்கு சுமார் 1,40,000 கிரீன் கார்டுதான். மனைவி, பிள்ளைகளும் அந்தக் கணக்கிலேயே வருவார்கள். அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதம் என்று உச்சவரம்பு. இந்தியாவுக்கும் 7, ஐஸ்லாந்துக்கும் 7. தேக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. ஆகவே வேட்பாளரிடம் கேட்க வேண்டியது, "அந்த 7 சதவீதத்தை எடுப்பதற்கு ஓட்டுப் போடுவீர்களா?" என்றுதான்.

அவர் ஏற்கெனவே பிரதிநிதிகள் சபையில் இருந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம், பதிவைப் பார்த்துவிடலாம். 2019 ஜூலை 10 அன்று எச்.ஆர். 1044 என்ற மசோதா இந்த உச்சவரம்பை நீக்குவதற்காகவே சபைக்கு வந்தது. ஆதரவு 365, எதிர்ப்பு 65. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து போட்ட ஓட்டு. சபைச் செயலரின் இணையதளத்தில் அந்த நாளின் பட்டியல் பெயர் பெயராக இருக்கிறது. ஆம், இல்லை என்பதோடு 'ஓட்டுப் போடவில்லை' என்றும் ஒரு பகுதி உண்டு. அதை விட்டுவிடாதீர்கள். சிக்கலான மசோதா வரும் நாளில் சிலருக்கு வேறு முக்கியமான வேலை வந்துவிடும்.

பிறகு என்ன ஆயிற்று? செனட் 2020 டிசம்பர் 2 அன்று தன் பங்குக்கு வேறு வடிவம் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்து, மசோதாவும் செத்தது. 2022 டிசம்பரில் ஈகிள் ஆக்ட் என்ற பெயரில் மறுபடி சபை வரை வந்து, ஓட்டெடுப்புக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டது.

புதிய வேட்பாளருக்கு இந்தப் பதிவெல்லாம் இருக்காது. அவரிடம் கொஞ்சம் கிடுக்கிப்பிடி கேள்வி கேட்கலாம்: "மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் உச்சவரம்பை மட்டும் எடுத்தாலும் ஆதரிப்பீர்களா?" இதில்தான் சண்டையே. மொத்தம் கூடாவிட்டால் மற்ற நாட்டுக்காரர்கள் அதிக நாள் காத்திருக்க வேண்டி வரும். அவர்கள் எதிர்ப்பது நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கேள்விக்கு ஒருவர் யோசித்து, 'இல்லை' என்றே சொன்னாலும் எனக்கு அவர் மேல் மரியாதை வரும். 'நம் குடியேற்ற முறை உடைந்துபோயிருக்கிறது' என்று ஆரம்பித்தால், சரி, அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று: எந்தக் குழுவில் இடம் கேட்பார் என்று விசாரியுங்கள். கான்சஸைச் சேர்ந்த கெவின் யோடர் 2018-இல் உள்நாட்டுப் பாதுகாப்புக்கான நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவின் தலைவர். அந்த நாற்காலியில் இருந்ததால், இதே உச்சவரம்பு நீக்கத்தை நிதி மசோதாவுக்குள்ளேயே நுழைக்க முடிந்தது. அந்த நவம்பரில் அவர் ஷரிஸ் டேவிட்ஸிடம் தோற்றார். நம்மவர்கள் பலருக்கு அது வருத்தம்தான். ஆனால் அதே தொகுதியில் உடல்நலக் காப்பீட்டுக் கவலையில் ஓட்டுப் போட்டவர்களும் இருந்தார்களே.

கேள்வி: அதைத்தான் நானும் கேட்க வந்தேன். என் கணவருக்குச் சர்க்கரை வியாதி. சொந்தத் தொழில், ஒபாமாகேர் காப்பீட்டுச் சந்தையில் காப்பீடு வாங்குகிறோம். இரண்டு வேட்பாளரும் 'ஏற்கெனவே நோய் உள்ளவர்களைக் காப்பேன்' என்கிறார்கள். யாரை நம்புவது?
- ஒரு வாசகி, மிச்சிகன்

பதில்: 2017 மே 4-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஒபாமாகேர் என்ற காப்பீட்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்த மசோதா 217-213 என்று சபையில் தேறிய நாள். அதற்கு ஓட்டுப் போட்டவர்களும் நோயாளிகளைக் காப்பதாகவே சொன்னார்கள். நோய் உள்ளவருக்குக் காப்பீடு மறுக்கக் கூடாது என்ற விதி மசோதாவில் இருந்தது உண்மை. ஆனால் மாநிலங்கள் விலக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற திருத்தமும் கூடவே இருந்தது. அப்படி விலக்கு வாங்கிய மாநிலத்தில், நடுவில் காப்பீடு விட்டுப்போன ஒருவரிடம் அவருடைய நோயைப் பார்த்து அதிக பிரீமியம் கேட்க முடியும். கதவு திறந்துதான் இருக்கும், உள்ளே போகத்தான் காசு இருக்காது. அந்த மசோதா செனட்டில் விழுந்தது வேறு கதை.

ஆகவே உங்கள் கேள்வி பிரீமியத்தைப் பற்றி இருக்கட்டும். "சர்க்கரை வியாதிக்காரரிடம் கூடுதல் பிரீமியம் வாங்க மாநிலங்களுக்கு விலக்குத் தருவீர்களா?" அப்புறம், 2021-இல் கூட்டப்பட்ட பிரீமிய மானியம் 2025 முடிவோடு நிற்கும்படி சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. அதைப் பற்றியும் கேளுங்கள்: நீட்டிக்க ஓட்டா, எதிராகவா, நீட்டித்தால் பணம் எங்கிருந்து?

வேட்பாளர் மக்களைச் சந்திக்கும் டவுன் ஹால் கூட்டத்தில் கேட்பதானால் ஒரு சின்ன யோசனை. பல இடங்களில் வாசலிலேயே அட்டை கொடுத்துக் கேள்வியை எழுதி வாங்கிவிடுகிறார்கள். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் உதவியாளர் அட்டைகளைப் பிரிப்பார். நான் போன கூட்டங்களில் கவனித்தது, நீளமான அட்டையெல்லாம் அடியில் போகும். ஒரே வாக்கியம், மசோதா எண், பக்கத்தில் 'ஆமா, இல்லையா?' என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுநாள் பிரசார அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் தொகுதி அலுவலகம். 'அவர் அதைப் பரிசீலித்து வருகிறார்' என்று ஓர் இளைஞர் பணிவாகச் சொல்வார். பாவம், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். தேதியையும் அந்தப் பதிலையும் குறித்துக்கொண்டு, அடுத்த மாதம் மறுபடி கூப்பிடுங்கள்.

கேள்வி: நான் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். எனக்குப் பிடித்த வேட்பாளருக்கு 50 டாலர் அனுப்பலாமா?
- ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: கூடாது. குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மட்டுமே நன்கொடை தரலாம். சம்பளம் வாங்காமல் தொண்டராக வேலை செய்வதற்குத் தடை இல்லை. யார் பணம் தந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கும் விசா தேவையில்லை. 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயர், தொழில், வேலை செய்யும் இடம் எல்லாம் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் வந்துவிடும். கொள்கைப் பக்கம் மௌனமாக இருந்தால் நான் அங்கேதான் முதலில் போவேன்.

கேள்வி: தமிழ்நாட்டில் அரசு வேலை பார்த்ததற்கு ஓய்வூதியம் வருகிறது. இங்கே உழைத்ததற்கான சோஷியல் செக்யூரிட்டியை (அமெரிக்க அரசின் ஓய்வூதியத்தை) அதனால் வெட்டிக் குறைத்தார்கள். இப்போது சரியாகிவிட்டது. எங்கள் உறுப்பினர் 'நான்தான் வாங்கித் தந்தேன்' என்று கடிதம் அனுப்பியிருக்கிறார். உண்மையா?
- ஒரு வாசகர், இல்லினாய்ஸ்

பதில்: சோதித்துப் பார்க்க அருமையான கேஸ் இது. அந்த வெட்டை நீக்கும் மசோதாவின் எண் எச்.ஆர். 82. இணை முன்மொழிவாளர்களாகக் கையெழுத்துப் போட்டவர்கள் 300-க்கும் மேல். சபையில் பெரும்பான்மைக்கு 218 பேர் போதும் என்கிறபோது, அது ஏன் தூங்கியது? முன்மொழிவில் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு செலவும் இல்லை. யாருக்கும் கோபம் வராது, தொகுதிக்குக் கடிதமும் எழுதிக்கொள்ளலாம்.

2024 செப்டம்பரில் காரெட் கிரேவ்ஸ் (குடியரசுக் கட்சி), அபிகேல் ஸ்பான்பர்கர் (ஜனநாயகக் கட்சி) இருவரும் டிஸ்சார்ஜ் பெட்டிஷன் கொண்டுவந்தார்கள். 218 பேர் கையெழுத்திட்டால் தலைமைக்கு விருப்பமில்லாவிட்டாலும் மசோதா சபைக்கு வந்தே தீரும். தன் கட்சித் தலைமையை முறைத்துக்கொண்டு போடும் கையெழுத்து அது. 218-உம் சேர்ந்தது. நவம்பர் 12 அன்று மசோதா 327-75 என்று நிறைவேறி, 2025 ஜனவரி 5 அன்று பைடன் கையெழுத்தில் சட்டமானது.

உங்கள் உறுப்பினரின் பெயர் அந்த 218-இல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். 327-இல் மட்டும் இருந்தால், பந்தி போட்ட பிறகு இலையில் உட்கார்ந்தவர். இனி அவரிடம் அடுத்ததைக் கேளுங்கள்: சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதிய நிதியின் கையிருப்பு 2033 வாக்கில் தீரும் என்று அறங்காவலர்களின் 2025 அறிக்கை சொன்னது. அதற்குப் பிறகு, வரும் வரிப்பணத்தை வைத்து ஓய்வூதியத்தில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் தர முடியும். 2025-இல் 1,76,100 டாலருக்கு மேல் இருந்த சம்பளத்துக்கு இந்த சோஷியல் செக்யூரிட்டி வரியே இல்லை. அந்த வரம்பை உயர்த்துவாரா, ஓய்வு வயதை உயர்த்துவாரா? 'ஒரு சென்ட்கூடக் குறைக்க விடமாட்டேன்' என்பதை இரண்டு கட்சியிலும் சொல்கிறார்கள், கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

கேள்வி: வேட்பாளர் நம் இந்தியர். வேறென்ன பார்க்க வேண்டும்?
- ஒரு வாசகர், கலிபோர்னியா

பதில்: 2024 மார்ச்சில், டிக்டாக்கை அதன் சீன உரிமையாளர் விற்க வேண்டும், இல்லாவிட்டால் தடை என்ற மசோதா வந்தபோது, அதைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் ராஜா கிருஷ்ணமூர்த்தி. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் ரோ கன்னா. இருவரும் இந்திய வம்சாவளி, இருவரும் ஜனநாயகக் கட்சி. உங்கள் வேட்பாளர் அன்று சபையில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் போயிருப்பார் என்று கேட்டு எழுதுங்கள், பதிலை அடுத்த இதழில் போடுகிறேன்.