கேரவன் வாசல் படிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேரவன், மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் பலவும் எந்தப் படி நல்லது என்றே தொடங்குகின்றன. கடையில் இருக்கும் படியைப் பார்ப்பதற்கு முன், உங்கள் வண்டியின் அடியில் அந்தப் படியைத் தாங்கப்போகும் சட்டத்தைப் பாருங்கள் என்பேன். கீழே உள்ள பதில்களில் பல அந்த இடத்துக்கே வந்து நிற்கின்றன.

கால் வைத்தால் படி முன்பக்கமாகத் தாழ்கிறது, பக்கவாட்டிலும் ஆடுகிறது. மாற்றிவிடலாமா?

எங்கே ஆடுகிறது என்று தெரியாமல் மாற்றாதீர்கள். ஒருவரைப் படியில் ஏறி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் சற்று விலகி, பக்கவாட்டில் தரையோடு குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டிக்கு அடியில் தலையை விட வேண்டாம்.

அசைவு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். முதலாவது, படியை மடித்து விரிக்கும் உலோகப் பட்டைகளான மடிப்புக் கைகளை இணைக்கும் ரிவெட்டுகள். பல காலம் மடித்து விரித்ததில் வட்டமான துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். கைகள் நேராகவும் துருவில்லாமலும் இருந்தால் புதிய படி தேவையே இல்லை. ரிவெட்டுகளை எடுத்துவிட்டு, துளையைச் சீராக்கி, தண்டு வழவழப்பாகவும் நுனியில் மட்டும் மரையும் உள்ள போல்ட்டைப் போடுங்கள். நைலான் வளையம் உள்ள நட்டால் பூட்டினால் மூட்டு தாராளமாகத் திரும்பும், ஆனால் ஆடாது. முழு மரை போல்ட் வேண்டாம். அந்த மரையே அரம்போல் துளையைத் தின்றுவிடும்.

இரண்டாவது, படிகள் மடிந்து அடங்கும் படிப்பெட்டியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள். தளர்ந்திருந்தால் இறுக்கினால் போதும்.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருவது: சட்டமே முறுக்கிக்கொள்வது. விரித்த படி வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கடைசிப் படியின் விளிம்பில் ஒருவர் நிற்கும்போது அவருடைய எடை நெம்புகோலாக மாறிச் சட்டத்தின் பக்கச்சுவரைத் திருகுகிறது. வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லும் கேரவன்களில் இந்த எஃகு மெல்லியது. வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசலோ, பெயின்ட் கோடாக வெடித்துத் துரு கசிந்த தடமோ தெரிந்தால், எவ்வளவு விலையுயர்ந்த படியைப் போட்டாலும் அதுவும் தாழத்தான் செய்யும். அங்கே முதலில் செய்ய வேண்டியது, வண்டியின் இரு பக்கச் சட்டங்களுக்கு இடையே குறுக்குத்தாங்கி ஒன்றைச் சேர்ப்பது.

புதிய படி வாங்க என்னென்ன அளவு எடுக்க வேண்டும்?

வண்டியை மட்டமான தரையில் நிறுத்துங்கள். டயர்களில் சரியான காற்று இருக்கட்டும். பயணத்தில் ஏற்றும் சாமான்களும் தண்ணீரும் உள்ளேயே இருக்கட்டும், ஏனென்றால் காலி வண்டி உயர்ந்து நிற்கும். பிறகு தரையிலிருந்து வாசல் விளிம்பு வரை உயரத்தை எடுங்கள். பழைய படியில் பொருத்துத் துளைகளின் இடைவெளி, படிப்பெட்டியின் வெளி அகலம், மடித்த நிலையில் உள்நோக்கிய ஆழம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வாசலின் அகலத்தை வைத்து மட்டும் வாங்குபவர்கள்தான் துளை பொருந்தாமல் தவிக்கிறார்கள்.

எத்தனை படி வேண்டும் என்பது சின்னக் கணக்கு. ஓர் ஏற்றத்துக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருந்தால் கால் வலிக்காது. வாசல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் நான்கு ஏற்றங்கள், ஒவ்வொன்றும் 18.75. கடைசி ஏற்றம் வாசலுக்கே போய்ச் சேருவதால் படிகள் மூன்று போதும். இரண்டு படிகள் மட்டும் வைத்தால் ஒவ்வோர் ஏற்றமும் 25 சென்டிமீட்டர் ஆகிவிடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது கொடுமை. ஏற்றங்கள் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதும் முக்கியம். ஒன்று மட்டும் உயரமாக இருந்தால் இருட்டில் தடுக்குவது அங்கேதான்.

வாசலுக்கு உள்ளே மடித்து வைத்து, வெளியே விரித்தால் தரையில் ஊன்றி நிற்கும் படிகள் வயதான பெற்றோருக்கு நல்லதா?

ஏறி இறங்குவதற்கு இதைவிட உறுதியானது இல்லை. எடை கால்கள் வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது; வண்டி ஆடுவதும் குறைகிறது. சரிவான இடத்தில் கால்களின் நீளத்தை ஊசிப்பூட்டால் தனித்தனியாகச் சரிசெய்துகொள்ளலாம். முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் தயங்காமல் இதையே பரிந்துரைப்பேன், வாசல் இடம் கொடுத்தால்.

இடம் கொடுக்கிறதா என்பதைப் பொறுமையாகப் பாருங்கள். மடித்த படி நிமிர்ந்து நிற்கத் தரையில் போதிய ஆழம் வேண்டும். பக்கத்து அலமாரியின் கதவு அதில் முட்டக் கூடாது. உள்ளே கொசுவலைக் கதவு இருந்தால் அதன் கைப்பிடியும் கீழ்ச்சட்டமும் உரசக் கூடாது. அட்டையில் படியின் மடித்த அளவை வெட்டி வாசலில் நிறுத்தி, இரண்டு கதவுகளையும் மூடித் திறந்து பார்த்துவிட்டால் சந்தேகமே இராது.

அடுத்தது, திருகாணிகள் இறங்கும் மரம். இந்தப் படியின் கீல்கள் வாசல் ஓரத் தரையைப் பிடித்துத் தொங்குகின்றன. மழைநீர் முதலில் இறங்குவதும் அதே இடம்தான். கூர்மையான ஊசியால் தரைவிரிப்புக்கு அடியில் நான்கைந்து இடங்களில் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. அதை வெட்டி எடுத்துப் புது ஒட்டுப்பலகை வைத்து, நீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகே படியைத் தொடுங்கள்.

வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும் சங்கடங்களும் உண்டு. வழியில் எரிபொருள் நிரப்ப நிற்கும்போது உள்ளே போக வேண்டுமென்றால் முழுப் படியையும் விரித்தாக வேண்டும். சேறு பட்ட படி மடித்ததும் உள்ளே வருகிறது. கீழே ஒரு ரப்பர் தட்டு வையுங்கள். தரையில் நின்று தூக்கி மடிக்கத் தோள்பலம் வேண்டும், ஆகவே தூக்க உதவும் வாயு உருளை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. வண்டியை ஜாக்கிகளால் மட்டப்படுத்தி, வெளியே நீளும் பக்க அறைகள் இருந்தால் அவற்றையும் தள்ளி முடித்த பிறகுதான் இந்தப் படியை விரிக்க வேண்டும். புறப்படும்போது முதலில் மடிக்க வேண்டும். படி ஊன்றியிருக்கும்போது வண்டியை இறக்கினால், அந்தப் பாரம் முழுவதும் மெல்லிய கால்களில் இறங்கிப் படியையும் கீலையும் வளைத்துவிடும்.

படி வந்த பொட்டியில் தாங்குதிறன் 300 பவுண்டு என்று போட்டிருக்கிறது. என் எடை 110 கிலோ. போதுமா?

300 பவுண்டு என்பது 136 கிலோ. கணக்குப்படி போதும். ஆனால் கையில் தண்ணீர்க் குடத்தோடு மேலிருந்து தொம்மென்று இறங்கினால் படி உணரும் விசை உங்கள் எடையைவிட அதிகம். இதைவிட அதிகத் தாங்குதிறன் உள்ளதையே வாங்குங்கள்.

மின்சாரப் படி வெளியே வந்ததோடு சரி, உள்ளே போக மறுக்கிறது. மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள்.

மோட்டார் மீது பழி போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை பல இருக்கின்றன. படிக்கென்று வாசல் அருகே ஒரு சுவிட்ச் இருக்கும். அது அணைந்திருந்தால், வண்டி நிற்கும்போது படி வெளியிலேயே இருக்கும்படிதான் பல வகைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அது கோளாறு அல்ல. அடுத்து கதவில் உள்ள சிறு காந்தம். கதவு மூடியதைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்வது அதுதான். கதவு சற்றுத் தொங்கிப்போனாலே காந்தம் உணரியிலிருந்து விலகிவிடும். தனியாக ஒரு காந்தத்தை எடுத்து உணரியின் அருகே பிடித்தால் படி நகர்கிறதா பாருங்கள்.

பிறகு ஃப்யூஸ், பேட்டரி, எர்த் கம்பி. சேறும் நீரும் அடிக்கும் இடத்தில் இருப்பதால் எர்த் முனை துருப்பிடிப்பது மிகச் சாதாரணம். கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, மீண்டும் இறுக்கினாலே பல படிகள் உயிர்பெற்றுவிடும். அதற்கும் அசையாவிட்டால் மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சுழன்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, கோளாறு கட்டுப்பாட்டுப் பெட்டியில் அல்லது கம்பிகளில். மோட்டார் சுழன்றும் படி நகராவிட்டால் பல்சக்கரமோ இணைப்பு ஊசியோ தேய்ந்திருக்கும்.

கையை உள்ளே விடும் ஒவ்வொரு முறையும் ஃப்யூஸை எடுத்துவிடுங்கள். யாராவது கதவைத் திறந்தால் படி முன்னறிவிப்பின்றி நகரும். விரல் நடுவில் இருந்தால் நசுங்கிவிடும்.

படியை வெல்டிங் செய்துவிட்டால் ஆயுளுக்கும் ஆடாதே?

போல்ட்டே என் விருப்பம். தேயும் பொருள் ஒரு நாள் கழற்றப்பட வேண்டும். வெல்டிங் சூடு மேலே உள்ள மரத்தளத்தைக் கருக்கும், சட்டத்தின் துருத்தடுப்புப் பூச்சை எரிக்கும். குறுக்குத்தாங்கி போன்றவற்றுக்கு வெல்டிங் செய்தே ஆக வேண்டுமென்றால் தேர்ந்தவரிடம் கொடுங்கள், பேட்டரி இணைப்பை முன்பே கழற்றுங்கள்.

போல்ட் போடும்போது கவனிக்க வேண்டியவை வேறு. சட்டத்துக்குப் பின்னால் எரிவாயுக் குழாயும் பிரேக் கம்பிகளும் ஓடலாம். கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் துளை போடவே கூடாது. சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடாதீர்கள், அவற்றுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் சுவரில் போடுங்கள். உள்ளே வெற்றாக இருக்கும் பெட்டிக்குழாய்ச் சட்டமானால், போல்ட்டை இறுக்க இறுக்கக் குழாய் நசுங்கும். உள்ளே ஒரு சிறு குழாய்த்துண்டைச் செருகி அதன் வழியாகப் போல்ட்டைக் கடத்துங்கள். தகட்டில் தானே துளைத்து இறங்கும் திருகாணிகள் படியின் பாரத்துக்கு ஆகாது. அலுமினியப் படியை இரும்புச் சட்டத்தோடு சேர்க்கும் இடத்தில் நைலான் வாஷரோ ரப்பர்த் தகடோ வையுங்கள். இரு உலோகங்களும் ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும்.

பழைய படியைக் கழற்றும்போது அது கனமாகக் கீழே விழும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, படிக்கு அடியிலும் கட்டை அடுக்கிவிட்டு, முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்ட போல்ட்டுகளைக் கழற்றுங்கள்.

படிக்கு அடியில் திருகு ஜாக்கி வைத்தால் ஆட்டம் நிற்குமா?

குறையும். தரையைத் தொட்டு லேசாக இறுகும்வரை மட்டும் திருகுங்கள். அதைக் கொண்டு வண்டியைத் தூக்கினால் ரிவெட்டுகள் போய்விடும். புறப்படும்போது எடுத்துவிடுங்கள்.

நாய் துளைத்தட்டுப் படியில் ஏற மறுக்கிறது. மேலே கம்பளம் சுற்றலாமா?

கூர்மையான துளைகள் பாதத்தைக் குத்துகின்றன, இடைவெளி வழியே தரை தெரிவதும் பயமுறுத்துகிறது. கம்பள உறை உதவும், ஆனால் மடிக்கும்போது அது படியின் மடிப்புக் கைகளுக்கு இடையே மாட்டாத அளவு மெல்லியதாக இருக்க வேண்டும். மழைக்குப் பின் கழற்றி உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் அடியில் துரு பிடிக்கும். மனிதர்களுக்கு மட்டும் என்றால் மணல் பூச்சுள்ள ஒட்டுப்பட்டை போதும்.

மூட்டுகளுக்கு எந்த எண்ணெய் விடுவது?

முதலில் தண்ணீரால் மண்ணைக் கழுவி உலரவிடுங்கள். பிறகு உலர் சிலிக்கான் தெளிப்பான். கெட்டியான கிரீஸ் மணலைப் பிடித்துவைத்துக்கொண்டு மூட்டைத் தேய்க்கும். பயணக் காலத்தில் மாதம் ஒரு முறை போதும். மண் பாதையில் நாள் முழுதும் ஓடினால் அன்று மாலையே ஒரு முறை.