29 வயது மூத்தவர்

கேள்வி: நான் மில்வாக்கி ப்ரூயர்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகன். எங்களைப் போன்ற நடுத்தர ஊர் அணி, மூத்த வீரர்கள் அணியின் பிடி விட்டு ‘ஃப்ரீ ஏஜென்ட்’ ஆகிப் பறந்துபோவதற்கு முன்பே அவர்களை வேறு அணிக்கு டிரேட் செய்துவிடுவதுதான் புத்திசாலித்தனமா? (பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், விஸ்கான்சின்)

பதில்: யாரை ஐயா மூத்தவர் என்கிறீர்கள்? 2024 பிப்ரவரியில் உங்கள் அணி பால்டிமோருக்கு அனுப்பிய பந்துவீச்சாளர் கார்பின் பர்ன்ஸுக்கு அப்போது வயது 29. அதற்கு முன் 2022 ஆகஸ்டில் சான் டியகோவுக்குப் போன ஜாஷ் ஹேடருக்கு 28. எங்கள் அலுவலகத்தில் 29 வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். ‘தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் போடு’ என்றுதான் இன்னும் அவரிடம் சொல்கிறோம்.

இந்த ‘மூத்த’ என்ற சொல்லோடு எனக்குப் பழைய தகராறு உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு தொலைக்காட்சி விவாதத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என் பெயருக்குக் கீழே ‘மூத்த பத்திரிகையாளர்’ என்று போட்டார்கள். சரி, நரைக்குக் கிடைத்த மரியாதை என்று பேசாமல் இருந்தேன். பக்கத்து நாற்காலியில் மீசை சரியாக முளைக்காத ஒரு பையன். அவன் பெயருக்குக் கீழேயும் அதே! விளம்பர இடைவேளையில் நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் விசாரித்தேன். “கட்சிப் பேரு இல்லாதவங்க எல்லாருக்கும் அதுதான் சார் போடுவோம்” என்றார். அன்றிலிருந்து இந்தப் பத்திரிகைக்கு வரும் எந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தாலும் அடித்துவிடுகிறேன். உங்கள் கேள்வியில் மட்டும் விட்டுவைத்தேன். திட்டுவதற்கு ஏதாவது வேண்டுமல்லவா?

பேஸ்பாலில் வயதா கணக்கு? சர்வீஸ்தான் கணக்கு. அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகில் 6 ஆண்டு சர்வீஸ் முடியும்வரை வீரரின் குடுமி அணியின் கையில். அப்புறம்தான் அவர் ‘ஃப்ரீ ஏஜென்ட்’, யாரிடமும் விலை பேசலாம். 1975-க்கு முன் அதுவும் கிடையாது. 1969-ல் செயின்ட் லூயிஸ் அணி தன்னைக் கேட்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியபோது, நான் என்ன வாங்கி விற்கிற சரக்கா என்று கேட்டு நீதிமன்றம் போனார் கர்ட் ஃப்ளட். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 3 என்று தோற்றார். 1975-ல் கதவு திறந்தபோது உள்ளே நுழைந்தவர்கள் வேறு ஆட்கள். டிரேட் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் முதலில் வரும்.

‘நடுத்தர ஊர்’ என்பதும் நீங்கள் கூச்சத்தில் சொன்னது. லீகின் 30 அணிகளில் ஆகச் சிறிய சந்தை உங்களுடையது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டிரேட் செய்யுங்கள், ஆனால் சீசன் முடிந்தபிறகு செய்யுங்கள். ஹேடர் கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுக்கிறவர். அவரை அனுப்பிய நாளில் உங்கள் அணி பிரிவில் முதலிடத்தில் இருந்தது. பந்தி நடந்துகொண்டிருக்கிறது, பாயசம் இன்னும் பரிமாறவில்லை, சமையல்காரரைப் பக்கத்துக் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். விளைவு, 86 வெற்றி. சீசன் முடிந்து அக்டோபரில் நடக்கும் பிளே-ஆஃப் சுற்றில் நுழைந்த ஃபிலடெல்ஃபியாவுக்கு 87. ஒரே ஒரு ஆட்டம்! அந்த டிரேடில் வந்த எஸ்டியூரி ரூயிஸை டிசம்பரில் திரும்பக் கைமாற்றி வில்லியம் கான்ட்ரெராஸ் என்ற அருமையான கேட்சரைப் பிடித்தார்களே என்பீர்கள். பிடித்தார்கள், மறுக்கவில்லை. அந்த அக்டோபரில் நீங்கள் வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்ததும் உண்மைதானே?

குளிர்கால டிரேடுகளைப் பாருங்கள். பர்ன்ஸ் பால்டிமோரில் ஆடியது ஒரே சீசன். பிறகு 6 ஆண்டுக்கு 210 மில்லியன் டாலர் என்று அரிசோனா போய்விட்டார். அவர் இல்லாத 2024-லும் நீங்கள் 93 ஆட்டம் வென்று பிரிவைப் பிடித்தீர்கள். அடுத்து டெவின் வில்லியம்ஸ். ஹேடருக்குப் பிறகு உங்கள் கடைசி இன்னிங்ஸ்காரர். 2024 பிளே-ஆஃபில் நியூயார்க் மெட்ஸின் பீட் அலோன்ஸோவிடம் ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) கொடுத்து உங்களை வீட்டுக்கு அனுப்பியவர். டிசம்பரில் அவரை நியூயார்க் யாங்கீஸுக்குத் தந்து நெஸ்டர் கோர்டெஸையும் கேலப் டர்பினையும் வாங்கினார்கள். 2025 மார்ச் 29, நியூயார்க். பழைய அணிக்கு எதிராகப் பந்து வீச வந்தார் கோர்டெஸ். முதல் பந்து, கோல்ட்ஷ்மிட், ஹோம் ரன். இரண்டாவது பந்து, பெலிஞ்சர், ஹோம் ரன். மூன்றாவது பந்து, ஆரன் ஜட்ஜ், அதுவும் ஹோம் ரன். மொத்தத்தில் 20-9 என்று தோல்வி. அன்று ராத்திரி எழுதியிருந்தால் உங்கள் கேள்வியில் அச்சேற்ற முடியாத வார்த்தைகள் இருந்திருக்கும். ஆனால் கூட வந்த டர்பின், வாக்கெடுப்பில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகங்களில் மூன்றாவது. வில்லியம்ஸோ ஏப்ரல் முடிவதற்குள் கடைசி இன்னிங்ஸ் வேலையை இழந்தார். உங்கள் அணிக்கு 97 வெற்றி, லீகிலேயே அதிகம்.

ஒரே ஒரு விதிவிலக்கு கேட்பேன். 2011-ல் பிரின்ஸ் ஃபீல்டரை விற்காமல் வைத்துக்கொண்டு 96 ஆட்டம் ஜெயித்தீர்கள். சீசன் முடிந்ததும் 214 மில்லியனுக்கு டெட்ராய்ட் போனார். போகட்டுமே. அந்த வருஷத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறீர்கள் அல்லவா?

நிற்க. மில்வாக்கி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இதெல்லாம் இல்லை, சாசேஜ் ஓட்டப்பந்தயம்தான். ஆள் உயரத்துக்கு மேலான சாசேஜ் வேஷம் போட்டு ஆட்டத்தின் நடுவே மைதானத்தைச் சுற்றி ஓடுவார்கள். 2003 ஜூலையில், ஓடிவந்த இத்தாலிய சாசேஜை மட்டையால் ஒரு தட்டுத் தட்டினார் பிட்ஸ்பர்க் வீரர் ராண்டல் சைமன். சாசேஜ் குப்புற விழுந்தது. உள்ளே இருந்தது ஒரு இளம்பெண். போலீஸ் வந்தது, 432 டாலர் அபராதம், லீக் 3 ஆட்டம் தடை போட்டது. அடுத்த மாதமே பிட்ஸ்பர்க் அவரைச் சிகாகோவுக்கு டிரேட் செய்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 28. உங்கள் கணக்கில் மூத்த வீரர்.