அவளும் பெண்தானே என்று பொறுத்துப் போகாதீர்கள்

பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழும் வீட்டில் நடக்கும் கொடுமை பற்றி நீங்கள் கேட்டவை இவை. பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, அஸ்தம்பட்டியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அக்கம்பக்கத்துக்கு நாங்கள் ரூம்மேட். கோபம் வந்தால் அவள் கை நீட்டுகிறாள். ஒருமுறை நானும் தள்ளிவிட்டேன். அப்போ இது வெறும் சண்டைதானே?

பதில்: தங்கச்சி, யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று பார். கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் உனக்கு வயிற்றைப் பிசைகிறதா? அம்மாவிடம் போனில் பேச அவள் வெளியே போகும் நேரத்துக்குக் காத்திருக்கிறாயா? சண்டை என்றால் இருவரும் கத்துவார்கள், இருவருமே இறங்கி வருவார்கள். உன் வீட்டில் எப்போதும் நீ மட்டும்தானே அடங்கிப் போகிறாய்? அடியைத் தடுக்கத் தள்ளியதை உன் தலையில் குற்றமாக ஏற்றிக்கொள்ளாதே. 'பொம்பள அடிச்சா என்ன வலிச்சிடப் போகுது' என்று நம்மவர்களே சொல்லும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் எடுத்த ஆய்வில், துணையிடம் வன்புணர்வோ அடியோ பின்தொடர்தலோ அனுபவித்ததாகச் சொன்ன தன்பாலீர்ப்புப் பெண்கள் 43.8 சதவீதம். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், செய்தவர்கள் பெண்கள் மட்டுமே என்றார்கள்.

கேள்வி: பிரியலாம் என்றால், 'உங்க வீட்டுக்கு போட்டோ அனுப்பிடுவேன்' என்கிறாள். அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. தெரிந்தால் என்னை வெளியே விடமாட்டார்கள்.

பதில்: கை ஓங்காமலே உன்னைக் கட்டிப்போட்டிருக்கிறாள். இதுவும் வன்முறைதான். கெஞ்சாதே, காசு கொடுக்காதே. மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவளுக்கு பாஸ்வேர்டு தெரியாத மெயிலில் வை. சம்மதம் இல்லாமல் அந்தரங்கப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் குற்றம். இப்படி மிரட்டுவது, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவில் வரும். சைபர் குற்றப் புகாருக்கு 1930. சித்தியோ அண்ணியோ, நம்பக்கூடிய ஒருவருக்கு நீயே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவள் மிரட்டலில் பாதி பலம் போய்விடும். ஆனால் உன் வீட்டில் உன்மேல் கை வைப்பார்கள் என்றால் அந்த வழிக்குப் போகவே வேண்டாம்.

கேள்வி: மேடம், குடும்ப வன்முறைச் சட்டம் எங்களுக்குப் பொருந்துமா?

பதில்: அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் எதிர்மனுதாரர், அதாவது யார் மீது புகாரோ அவர், 'வயது வந்த ஆண்' என்றிருந்ததில் அந்தச் சொற்களை உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கியது. ஆனாலும் 'திருமணம் போன்ற உறவு' என்ற இடத்தில் உங்கள் வழக்கு சிக்கலாம். 2023இல் தன்பாலினத் திருமணத்துக்கு நீதிமன்றம் அங்கீகாரம் தரவில்லை. அதனால் அதை மட்டுமே நம்பி இருக்காதீர்கள். அடிதடிப் புகாருக்கு உறவைச் சொல்லவே தேவையில்லை, 'உடன் தங்கியிருப்பவர் அடித்தார்' என்றால் போதும். சொன்னாலும் பயமில்லை, 2018இலிருந்து இந்த உறவு குற்றமில்லை. பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், எண் 15100. உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. அக்கா, அடிப்பது நான்தான். அப்புறம் அழுகிறேன்.

பதில்: எழுதியது நல்லது. அழுகையால் அவளுக்குப் பாதுகாப்பு வராது தங்கச்சி. இப்போதைக்குத் தனியே தங்கு. அவள் சேலத்துக்கு இறங்கிப் போக நினைத்தால் பஸ் காசையோ போனையோ பிடுங்காதே, பின்னாலேயே போகாதே. இன்றே 14416க்குப் போன் பண்ணு, மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார். குடித்தேன், கோபம் வந்தது என்று ஆரம்பிக்காமல், அடித்தேன் என்று சொல்.