கார்டை மாத்துறதுக்கு முன்னாடி மீட்டரை எடுங்க: சென்சார் கேள்வி பதில்

காரைக்குடியைச் சுத்தி ரைஸ் மில், நூல் மில்னு பேனல் வேலை பார்த்தே பாதி வயசு போச்சு. இந்தத் தடவை வந்த கேள்வியில முக்கால்வாசி "பிஎல்சி கார்டு போயிருச்சாண்ணே?" தான். பிஎல்சின்னா மெஷினை ஓட்டுற பேனல் கம்ப்யூட்டர், சென்சார் ஒயர் வந்து சேர்றது அதோட கார்டுல. அந்தக் கார்டு அவ்வளவு லேசுல போகாது.

புதுவயல் ரைஸ் மில் எலக்ட்ரீசியன்: அண்ணே, எலிவேட்டர் சுத்துதான்னு பார்க்கிற ப்ராக்ஸியை (இரும்பு கிட்ட வந்தா கண்டுபிடிக்கிற சென்சார்) நேத்துதான் புதுசா மாத்தினேன். அதோட தலையில லைட் மின்னுது, பிஎல்சியில இன்புட் லைட் எரியவே மாட்டேங்குது. கார்டு அடிச்சிருச்சா?

"நேத்துதான் மாத்தினேன்"னு சொன்னீங்க பாருங்க தம்பி, பதில் அதுலயே இருக்கு. கழட்டினது பிஎன்பி, கடைக்காரர் கொடுத்தது என்பிஎன்னா இப்படித்தான் ஆகும். இரும்பைப் பார்த்ததும் பிஎன்பி சிக்னல் ஒயர்ல 24 பிளஸைக் கொடுக்கும், என்பிஎன் அதை 0 வோல்ட்டோட சேர்க்கும். ரெண்டும் பார்க்க ஒண்ணுபோலத்தான் இருக்கும், பாடியில பொடி எழுத்துல இருக்கிறதைப் படிச்சாத்தான் தெரியும். தலையில லைட் எரிஞ்சா அது இரும்பைப் பார்த்துருச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். கார்டுக்குச் சேதி போச்சான்னு அதுக்குத் தெரியாது.

கறுப்பு சிக்னல் ஒயர், பிரவுன் 24 பிளஸ், நீலம் 0 வோல்ட். கறுப்பு ஒயரைக் கார்டுலேர்ந்து கழட்டுங்க. ப்ராக்ஸி முன்னாடி ஒரு ஸ்பேனரைக் காட்டி, கறுப்புக்கும் பிரவுனுக்கும் நடுவுல ஒரு தடவை, கறுப்புக்கும் நீலத்துக்கும் நடுவுல ஒரு தடவை வோல்ட் பாருங்க. நீலத்தோட 24 பக்கம் வந்தா பிஎன்பி, பிரவுனோட வந்தா என்பிஎன். அடுத்து கார்டு காமன் (இன்புட்டுக்கெல்லாம் பொதுவான டெர்மினல்) எதுல இருக்குன்னு பாருங்க. 0 வோல்ட்ல இருந்தா பிஎன்பி வேணும், 24 பிளஸ்ல இருந்தா என்பிஎன் வேணும்.

காமன் 0 வோல்ட்தான்னு உறுதியாத் தெரிஞ்சா, ஒரு துண்டு ஒயர்ல 24-ஐ எடுத்து அந்த இன்புட்ல தொட்டுப் பாருங்க. லைட் எரிஞ்சா கார்டு நல்லாயிருக்கு. தொடுறதுக்கு முன்னாடி மோட்டார் ஐசொலேட்டரை இறக்கிடுங்க. எலிவேட்டர் கிட்ட ஆள் நிக்கும்போது இந்த விளையாட்டு வேண்டாம்.

தேவகோட்டையிலிருந்து: டூ ஒயர் ப்ராக்ஸி. எதிர்ல ஒண்ணுமே இல்லாதப்பவும் இன்புட் லைட் மங்கலா எரிஞ்சுக்கிட்டே இருக்கு.

லீக்கேஜ். டூ ஒயர் ப்ராக்ஸி ஆஃப்ல இருந்தாலும் தான் உயிரோட இருக்க ஒரு மில்லி ஆம்பியர் போலக் கரண்ட் எடுக்கும். சில கார்டுக்கு அதுவே சிக்னல் மாதிரி தெரியும். இன்புட்டுக்கும் 0 வோல்ட்டுக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு போடுங்க. இல்லாட்டி த்ரீ ஒயருக்கு மாறிடுங்க. நான் மாறத்தான் சொல்லுவேன்.

மறுபடியும் புதுவயல், வேற மில்: நெல் ஊறுற தொட்டியில கண்ணாடித் தெர்மாமீட்டர் 70 காட்டுது, ஸ்கிரீன் 78 காட்டுது. பிடி100 (சூடு ஏறினா ஓம் ஏறுற சென்சார்) ரெண்டு தடவை மாத்தியாச்சு. ஆஃப்செட்ல 8 கழிச்சு விட்றலாமா?

கழிக்காதீங்க. முதல்ல பச்சைத் தண்ணியில முக்கிப் பாருங்க. அங்கேயும் அதே 8 கூடுதலாக் காட்டினா கோளாறு ஒயர்ல. சூடு ஏற ஏற வித்தியாசமும் ஏறினா ஸ்கேலிங் (சிக்னலை டிகிரியா மாத்துற கணக்கு) தப்பு, இல்ல சென்சார் டைப் தப்பாத் தேர்ந்திருக்கு.

பிடி100-ல ஒரு டிகிரிக்கு சுமார் 0.385 ஓம். 0 டிகிரியில 100, கொதிக்கிற தண்ணியில 138.5. அதாவது ஒயர்ல ஒரு ஓம் கூடினா ஸ்கிரீன்ல 2.6 டிகிரி கூடும். அரை ஸ்கொயர் எம்எம் கேபிள் 40 மீட்டர் இழுத்திருந்தா, போக வர 80 மீட்டர், ஏறக்குறைய 3 ஓம். கணக்குப் போடுங்க, உங்க 8 அங்கேயே நிக்குது.

இந்த 3 ஓமைக் கழிக்கத்தான் மூணாவது ஒயர் இருக்கு. ஒரு மில்லுல இதே கதை. கேபிள் உள்ள இருக்கிற மூணு ஒயர்ல (கோர்) ஒண்ணை எலி கடிச்சிருக்கு. யாரோ ஒருத்தர் மிச்ச ரெண்டை வச்சு ஓட்டிட்டு, மூணாவது டெர்மினலுக்குப் பேனல்லயே ஒரு விரல் நீளத் துண்டு ஒயரை வளைச்சுக் கொடுத்துட்டார். மேல சுத்தின டேப்புல உமித்தூசி படிஞ்சு, டெர்மினல் நிறத்துலயே இருந்துச்சு. ரெண்டு மணி நேரம் அதைப் பார்த்தும் பார்க்காம உக்காந்திருந்தேன். அந்தத் துண்டைத் தூக்கிட்டுப் புது மூணு கோர் இழுத்து, சென்சார் தலைவரைக்கும் மூணையும் கொண்டுபோனதும் சரியாப் போச்சு. உங்க பேனல்ல அப்படி ஒரு துண்டு இருக்கான்னு தேடுங்க.

காரைக்குடி, இன்ஸ்ட்ருமென்டேஷன் மாணவி: சார், சென்சார் அளவை அனுப்புற 4–20 மில்லி ஆம்பியர் சிக்னல்ல ஏன் 0 இல்லாம 4?

தொட்டி காலியா, ஒயர் அறுந்துருச்சான்னு பிரிச்சுச் சொல்லத்தாம்மா. காலின்னா 4, அறுந்தா 0. டூ ஒயர் டிரான்ஸ்மிட்டர் (அளவைக் கரண்ட்டா மாத்தி அனுப்புற கருவி) அந்த 4-லதான் உயிர் வாழுது. நாமூர்ங்கிற ஆலைகள் சங்கத்தோட என்இ43 முறைப்படி 3.6-க்குக் கீழே இல்ல 21-க்கு மேலே போனா அது அளவு இல்ல, கோளாறு. லூப்ல (அந்தக் கரண்ட் ஓடுற சுத்துல) 250 ஓம் ரெசிஸ்டர் இருந்தா அதுக்குக் குறுக்கே 1-லிருந்து 5 வோல்ட் வரும், ஒயரை அவுக்காமலே பார்த்துக்கலாம்.

சிங்கம்புணரி கயிறு ஆலை: மோட்டார் ஓடும்போது மட்டும் சென்சார் எண்ணுற கவுன்ட் கூடுதலா விழுது.

விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற டிரைவ்) கேபிளும் சென்சார் கேபிளும் ஒரே டிரேயில படுத்திருக்கும், அதோட இரைச்சல் சென்சார் ஒயர்ல ஏறும். பிரிச்சு விடுங்க. குறுக்கே போகணும்னா செங்குத்தாக் கடக்கட்டும். இன்புட் ஃபில்டரை (சின்னத் துடிப்பை ஒதுக்குற செட்டிங்) கொஞ்சம் கூட்டலாம். ரொம்பக் கூட்டினா நிஜக் கவுன்ட்டையும் விழுங்கிரும்.

பள்ளத்தூரிலிருந்து: மழை பெஞ்சா மட்டும் ரெண்டு இன்புட் தானா வருது அண்ணே. வெயில் வந்தா சரியாயிடுது. படம் அனுப்பியிருக்கேன்.

படத்துல உங்க ஜங்ஷன் பாக்ஸுக்கு மேல்பக்கம் கிளாண்ட் (கேபிள் உள்ள நுழையுற மூடி) போட்டிருக்கு. முற்றம் மாதிரி நாலு பக்கத் தண்ணியும் உள்ளதான் இறங்கும். உலோக அரிப்பை ஆராயுற சிக்ரி ஆய்வகம் 1953-லேர்ந்து நம்ம ஊர்லயே இருக்கு, நம்ம டெர்மினல் பச்சை பூத்துக் கிடக்கு! டெர்மினலை மாத்துங்க, கிளாண்டைக் கீழே கொண்டுபோங்க. கேபிளைப் பாக்ஸுக்குக் கீழே ஒரு ஜாண் தொங்கவிட்டு மேலே ஏத்துங்க, தண்ணி வளைவுலயே சொட்டிரும். பழைய ஓட்டையை அடைக்க மறந்துறாதீங்க.