ரம்மியில் போன பணம் வீட்டுக் கடனைத் தடுக்குமா?

கேள்வி: என் கணவர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறார். பிடித்தம் போக 42,000 ரூபாய் கைக்கு வருகிறது. ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் எனக்கு 18,000 ரூபாய் சம்பளம். திருவொற்றியூரில் 38 லட்ச ரூபாய்க்கு ஒரு பிளாட் பார்த்து வைத்திருக்கிறோம். 30 லட்சம் கடன் வேண்டும். கணவர் கைப்பேசியில் பணம் கட்டி ரம்மி ஆடியதும், அதற்காகத் தனிநபர் கடன் வாங்கியதும் எனக்கு இப்போதுதான் தெரிய வந்தது. இரண்டு மாதமாக ஆடுவதில்லை என்கிறார். ‘அந்தக் கணக்கைக் காட்டாமல் வேறு கணக்கைக் காட்டினால் போதும்’ என்கிறான் என் தம்பி. வங்கி இதையெல்லாம் பார்க்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பார்க்கும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது சம்பளம் வரவாகும் கணக்கின் குறைந்தது 6 மாத அறிக்கையைக் கேட்பது வழக்கம். சில வங்கிகள் 12 மாதத்துக்கும் கேட்கின்றன. அதில் 500, 1,000 என்று ஒரே நாளில் பலமுறை ஒரே இடத்துக்குப் போன பணம், கடன் அதிகாரியின் கண்ணிலோ, வரவு செலவுகளை வகைப்படுத்தும் மென்பொருளிலோ படாமல் போவது அரிது. ஆனால், ஆடினார் என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ளிவிட வேண்டும் என்று பொது விதி எதுவும் இல்லை. சம்பளம் வந்த ஐந்தாம் நாளே கணக்கு வறண்டு போகிறதா, தவணை நாளில் பணமில்லாமல் திரும்பியிருக்கிறதா, பள்ளத்தை நிரப்பப் புதுக் கடன் வாங்கப்பட்டிருக்கிறதா என்பவைதான் அதிகாரியின் கேள்விகள். ஆட்டத்துக்குப் போன தொகையைவிட, அது விட்டுச் சென்ற இந்தத் தடங்களே அதிகம் பாதிக்கும்.

ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 300 முதல் 900 வரை மதிப்பெண் தரும் அந்த அறிக்கையில் நீங்கள் எதற்குச் செலவு செய்தீர்கள் என்பது வராது. ரம்மி என்ற சொல்லே அங்கே இருக்காது. ஆனால் உங்கள் கணவர் வாங்கிய தனிநபர் கடனும், செயலிகள் வழியே வங்கிகளிடமோ நிதி நிறுவனங்களிடமோ வாங்கிய சிறு கடன்களும், தாமதமான ஒவ்வொரு தவணையும் அதில் பதிவாகும். கடன் வாங்கிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறை தம் முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். வங்கிக்குப் போவதற்கு முன் இருவரும் அதை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். நீங்கள் அறியாத கடன் வேறு ஏதும் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அடகுக் கடையில் வைத்த நகை பெரும்பாலும் அதில் வராது என்பதால், அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். தனிநபர் கடனின் மாதத் தவணையை நீங்கள் எழுதவில்லை. 6,200 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். இருவர் வருமானமும் சேர்ந்து 60,000. எல்லாத் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ஒரு வங்கி கணக்கிட்டால், 30,000 ரூபாய்தான் எல்லை. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு, ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய் தவணை ஆகும். அப்படியானால், அந்த 6,200 ரூபாய்த் தவணை ஒன்றே ஏறத்தாழ 7 லட்ச ரூபாய் வீட்டுக் கடனுக்கான இடத்தை அடைத்துக்கொள்கிறது: 34 லட்சம் வரை தகுதி உள்ள குடும்பம் 27 லட்சத்தில் நின்றுவிடும், உங்களுக்குத் தேவையான 30 லட்சம் எட்டாமல் போகும். எனவே, கையில் சேர்ந்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்தாவது முதலில் தனிநபர் கடனை அடையுங்கள். வட்டியைக் குறைத்து, பேரம் பேசி முடித்தால் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். அது பிற்காலத்தில் பெரிய இடைஞ்சல். முழுத் தொகையையும் கட்டி, ‘குளோஸ்டு’ என்று பதிவாவதை உறுதிசெய்து, நிலுவை இல்லை என்ற சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி சொல்லும் வழியை நான் உறுதியாக மறுக்கிறேன். சம்பளக் கணக்கை மறைக்க முடியாது. அதிலிருந்து வேறு கணக்குக்குப் பணத்தை மாற்றி அங்கிருந்து ஆடியிருந்தால், அந்தக் கணக்கின் அறிக்கையையும் கேட்பார்கள். அறிக்கையைத் திருத்திக் கொடுப்பதோ குற்றம். சிக்கினால் கடன் மட்டுமல்ல, கணவரின் வேலையும் போகக்கூடும். மாறாக, தனிநபர் கடனை அடைத்துவிட்டு இன்னும் நான்கு மாதம் பொறுத்திருந்தால், ஆட்டத்தின் சுவடே இல்லாத 6 மாத அறிக்கை உங்கள் கையில் இருக்கும். அதன் பிறகும் அதிகாரி பழைய கடனைப் பற்றிக் கேட்டால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அதற்கு முன்பாக அவசரப்பட்டு நான்கைந்து வங்கிகளில் விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு விசாரணையும் சிபிலில் பதிவாகி மதிப்பெண்ணைக் குறைக்கும்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பெரிய செயலிகள் உடனே அத்தகைய ஆட்டங்களை நிறுத்தின. அந்தச் சட்டத்தின் தண்டனை ஆட்டத்தை நடத்துபவர்களுக்கும், விளம்பரம் செய்பவர்களுக்கும், அதற்கான பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவர்களுக்குமே, ஆடுபவருக்கு அல்ல. ஆனால் தடைக்குப் பிறகும் உங்கள் கணவர் ஆடினார் என்றால், அது வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலியாக இருக்கலாம். அவற்றில் பணம் யார் யாரோ தனிநபர்களின் கணக்குகள் வழியே போய் வரும். அந்தக் கணக்குகள் சைபர் குற்றப் புகாரில் சிக்கினால், ஜெயித்த பணத்தை அவற்றிலிருந்து பெற்றவரின் கணக்கும் முடக்கப்படலாம். கடன் கையெழுத்தாகும் வாரத்தில் சம்பளக் கணக்கு முடங்கினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்திடும்போது, கடனில் பாதிக்கு அல்ல, முழுக் கடனுக்கும் பொறுப்பாகிறீர்கள். ஆகையால் அவர் உண்மையிலேயே விட்டுவிட்டாரா என்பதை அறியும் உரிமை வங்கியைவிட உங்களுக்கே அதிகம். சூதாட்டக் கோளாறை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. திட்டுவதால் அது தீராது. தண்டையார்பேட்டையிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனை தொலைவில்லை, அங்கு மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் தொலைபேசியில் பேச விரும்பினால், அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் எண் 14416 கட்டணமில்லாதது.

கேள்வி: தடைக்கு முந்தைய ஆண்டில் இணைய ரம்மியில் 1,80,000 ரூபாய் ஜெயித்தேன். அதை வீட்டுக்கான முன்பணமாகக் காட்டலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: முன்பணமாகக் காட்டலாம், வருமானமாகக் காட்ட முடியாது, மீண்டும் வரும் என்று உறுதியில்லாத பணத்தை வைத்து எந்த வங்கியும் தவணைத் தகுதியைக் கணக்கிடாது. 2023 ஏப்ரல் 1 முதல் இணைய விளையாட்டின் நிகர வெற்றித் தொகைக்கு 30 சதவீத வரியும், அதற்கு மேல் செஸ் எனும் கூடுதல் வரியும் உண்டு. செயலி நிறுவனம் 30 சதவீதத்தை முன்பே பிடித்திருக்க வேண்டும். உங்கள் பெயரில் பிடிக்கப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்தப் பிடித்தம் தெரிகிறதா என்று பாருங்கள். அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் இத்தொகையைக் காட்டாமல் விட்டிருந்தால், முதலில் ஒரு தணிக்கையாளரிடம் போய் அதைச் சரிசெய்யுங்கள். வங்கி பணத்தின் மூலத்தைக் கேட்கும்போது, வரிக் கணக்கின் நகலும் தொகை வரவான நாளின் வங்கி அறிக்கையும் சேர்ந்தே உங்கள் கையில் இருக்க வேண்டும்.