சீப்பைக் கண்டாலே ஓடும் குட்டி

கேள்வி: எங்கள் ஷிட்சூ இன நாய்க்குட்டிக்கு மூன்று மாதம். சீப்பை எடுத்தாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறது. இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து நகம் வெட்டியதில் ரத்தம் வந்துவிட்டது. இப்போது காலைத் தொட்டாலே கடிக்க வருகிறது. என்ன செய்வது? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அமுக்கிப் பிடிப்பதை இன்றோடு விடுங்கள். அப்போது குட்டி அடங்கிவிட்டதுபோலத் தெரியும். உண்மையில் பயத்தில் விறைத்துப்போயிருக்கும்.

இரண்டு வாரம் நகவெட்டியை எடுக்கவே வேண்டாம். உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். தோளைத் தொட்டவுடன் ஒரு துண்டு கொடுங்கள். முதலில் தொடுதல், பிறகுதான் தீனி. கறியைக் காட்டி ஆசைகாட்டிவிட்டுத் தொட்டால், நாளடைவில் கறியைக் கண்டே மிரளும். பலரும் சறுக்குவது இங்கேதான். தோள், முழங்கால், பாதம், விரல் என்று மெல்ல இறங்குங்கள். ஒரு தடவைக்கு 2 நிமிடம் போதும்.

உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் பயத்தின் அறிகுறிகள். உடனே நிறுத்தி, அடுத்த முறை முந்தைய இடத்திலிருந்து தொடங்குங்கள். உறுமினால் அதட்டாதீர்கள், அதட்டு வாங்கிய நாய் உறுமாமலே கடிக்கப் பழகும்.

வெள்ளை நகத்துக்குள் இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தநாளம். அதற்கு 2 மி.மீ. முன்பே நிறுத்துங்கள். கறுப்பு நகத்தை 1 மி.மீ. அளவில் சீவிக்கொண்டே வாருங்கள். நகத்தை வெட்டிய பரப்பின் நடுவே கரும்புள்ளி தெரிந்தால் அதுதான் எல்லை. மழுங்கிய நகவெட்டி நகத்தை நசுக்கும், ரத்தம் வராவிட்டாலும் வலிக்கும். நாளைக்கு ஒரு நகம் வெட்டினாலே பெரிது. ரத்தம் வந்தால் மக்காச்சோள மாவை (கார்ன்ஃப்ளார்) வைத்துச் சில நிமிடம் அழுத்துங்கள்.

சீப்பு விஷயத்தில், ஷிட்சூவுக்குக் காதின் பின்புறமும் அக்குளும்தான் சிக்கு பிடிக்கும் இடங்கள். முடியின் அடியை விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சிக்கெடுத்தால் தோல் இழுபடாது. குளிப்பாட்டும் முன்பே சிக்கெடுங்கள், நனைந்தால் சிக்கு இறுகிவிடும். கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். சிக்கோடு தோலும் மேலே எழும்பி நிற்பதால் வெட்டுப்பட்டுவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் காதை முகர்ந்து பாருங்கள், விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று விலக்கிப் பாருங்கள். நாற்றமோ வீக்கமோ இருந்தால் குட்டி வலியில் கடிக்க வரலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.