செயற்கைக்கோளுக்குக் காவல் வேலையா? பினாங்கின் பிறை ஊரிலிருந்து வந்த ஓர் அப்பாவுக்கு

அண்ணே, போன சனிக்கிழமை மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு வந்த நீங்கள், என் முன்னால் உட்கார்ந்து கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "சேட்டிலைட்டுக்குக் காவல் இருக்கப் போறேன்னு சொல்றா. இது என்ன வேலைங்க, துப்பாக்கி பிடிக்கிற வேலையா?" வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அன்று பாதிதான் பேச முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இந்த வருஷம் இன்னும் இரண்டு பெற்றோர் வந்துவிட்டார்கள், அவர்களும் படிக்கட்டும்.

உங்கள் வீட்டுக் கூரையில் ஒரு டிஷ் இருக்கும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அந்தச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் நிற்கிறது. அத்தனை தூரம் வந்த சிக்னல், கடைசி நாலைந்து கிலோமீட்டர் மழையில் நனைந்து படுத்துவிடுகிறது. அவ்வளவு மெல்லிய சிக்னல் அது. மழை தானாகச் செய்வதை ஒருவன் கருவி வைத்து வேண்டுமென்றே செய்தால் அதற்குப் பெயர் ஜாமிங். உங்கள் லாரியில் இருக்கிற ஜிபிஎஸ் இன்னும் பாவம். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்தச் சிக்னல் தரைக்கு வந்து சேரும்போது, ஒரு வாட்டைக் கோடி கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துளியை விடவும் சிறியது. அதை மறைக்கப் பெரிய ஆயுதம் ஒன்றும் வேண்டாம். மறைப்பதற்குப் பதிலாகப் பொய்ச் சிக்னலை அனுப்பினால், பாசீர் கூடாங் போகிற லாரியைக் கடலுக்குள் நிற்பதாகக் காட்டலாம். அது ஸ்பூஃபிங். படம் போனால் போனது என்று தெரியும்; பொய் வந்தால் பொய் என்றே தெரியாது. லாரிக்குப் பதில் போர்க்கப்பலோ விமானமோ என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, செயற்கைக்கோளைத் தாக்குவது என்றால் ராக்கெட் விட்டு உடைப்பதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதுவும் நடந்திருக்கிறது. 2007இல் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளையே ஏவுகணையால் அடித்து உடைத்தது. ரேடாரில் பிடிபடுகிற துண்டுகள் மட்டும் 3,000க்கு மேல். 2019 மார்ச்சில் இந்தியா ஒன்றை உடைத்தது. 2021 நவம்பரில் ரஷ்யா ஒன்றை உடைத்தபோது, விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் தங்கள் கலங்களுக்குள் போய்ப் பதுங்க வேண்டியிருந்தது. அந்தத் துண்டுகள் எங்கே போகின்றன, எது எதோடு மோதும் என்று நாள் முழுக்கக் கணக்குப் போடுவதும் இந்தத் துறையில் ஒரு வேலைதான். கணக்கில் பைத்தியமாக இருக்கிற பிள்ளைக்கு நல்ல இடம்.

ஆனால் உங்கள் மகளுக்கு நான் காட்ட நினைப்பது 2022 பிப்ரவரி 24. ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, வியாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் வழியாக வந்த இணையச் சேவை விழுந்தது. செயற்கைக்கோளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தரையில், நிர்வாக நெட்வொர்க்கின் விபிஎன் கருவி, அதாவது வெளியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே வர வைத்த வாசல், சரியாக அமைக்கப்படவில்லை. அந்த ஓட்டை வழியாக உள்ளே போனவர்கள், வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்த மோடங்களுக்கு நிர்வாகியைப் போலவே கட்டளை அனுப்பி, அவற்றின் நினைவகத்தை அழித்துவிட்டார்கள். பல்லாயிரம் மோடம்கள் செங்கல்லாகிவிட்டன. சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. கதவைப் பூட்டாமல் விட்டது தரையில், அண்ணே. காவல்காரருக்கு வேலையும் தரையில்தான்.

இது புதிய கதையும் இல்லை. 1986இல் அமெரிக்காவில் இரவு வேலையில் இருந்த ஓர் ஆள், கட்டணத் தொலைக்காட்சி ஒன்றின் மேல் இருந்த கோபத்தில், தான் வேலை செய்த நிலையத்தின் பெரிய டிஷ்ஷை அதன் செயற்கைக்கோள் பக்கம் திருப்பினார். நாலரை நிமிடம் படத்தை மறைத்துத் தன் செய்தியைப் போட்டார். ஒரு ஏவுகணையும் தேவைப்படவில்லை.

ஆகவே என் யோசனை இது. பெயரில் 'விண்வெளி' என்று இருக்கிற பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். மின்னணு மற்றும் தகவல்தொடர்புப் பொறியியல், இல்லையென்றால் கணினிப் பாதுகாப்போடு கூடிய கணினி அறிவியல், இந்த இரண்டில் ஒன்றை முதலில் உறுதியாகப் பிடிக்கட்டும். விண்வெளியை அதன் மேல் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். கலத்தையே வடிவமைக்கத்தான் ஆசை என்றால் விண்வெளிப் பொறியியல் நம் வீட்டுப் பக்கத்திலேயே, நிபோங் திபாலில் இருக்கும் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்தில் இருக்கிறது. செர்டாங்கில் யுபிஎம் (புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகம்) இருக்கிறது. சீருடையும் பிடிக்கும் என்றால் சுங்கை பீசி தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் மெட்ரிகுலேஷனா, படிவம் 6ஆ என்று கேட்டீர்கள். இடம் கிடைத்தால் மெட்ரிகுலேஷன், கிடைக்காவிட்டால் தயங்காமல் படிவம் 6 படித்து எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதப் போகட்டும். அது கஷ்டம்தான், ஆனால் அதில் தேறி வந்த பிள்ளை பொறியியல் முதலாண்டில் திணறி நான் பார்த்ததில்லை.

ஒரு மனவருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையன், பளபளப்பான கையேட்டைப் பார்த்து ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். மூன்றாம் வருஷத்தில்தான் அந்தப் பட்டத்துக்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் ஒப்புதல் இல்லை என்று தெரிந்தது. அது இல்லாமல் பொறியாளர் வாரியத்தில் பதிவது பெரும்பாடு. நானாவது முன்கூட்டிப் பட்டியலைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதனால்தான் இப்போது எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பணம் கட்டுவதற்கு முன் வாரியத்தின் இணையதளத்தில் அந்தப் பட்டத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் நாசா, இஸ்ரோ. தமிழ்நாட்டில் இருக்கும் உங்கள் மைத்துனர் "இஸ்ரோவுக்கு அனுப்புங்க" என்று சொன்னதாகச் சொன்னீர்கள். இஸ்ரோவின் நிரந்தர வேலை இந்தியக் குடிமக்களுக்குத்தான். அமெரிக்காவில் ராணுவச் செயற்கைக்கோள் தொழில்நுட்பம் ஆயுத ஏற்றுமதிச் சட்டத்துக்குள் வருவதால், அந்த மேசைக்குப் பெரும்பாலும் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும்தான் போக முடியும். இரட்டைக் குடியுரிமையை நம் நாடு ஏற்பதில்லை. வேறு படிப்புக்கு வெளிநாடு போகலாம், ஆனால் தேசப் பாதுகாப்பு வேலை அந்தந்த தேசத்தோடு ஒட்டிக்கொண்டே வரும்.

இங்கே மலேசியாவில் என்ன இருக்கிறது என்றால், இருக்கிறது. மீசாட் நிறுவனம் 1996இலிருந்து செயற்கைக்கோள்களை நடத்துகிறது. நம் செயற்கைக்கோள்களான தியுங்சாட் 2000இலும் ரசாக்சாட் 2009இலும் பறந்தன. 2019இல் இரண்டு அமைப்புகளை இணைத்து மைசா என்ற விண்வெளி நிறுவனம் வந்தது. 2022இல் விண்வெளி வாரியச் சட்டம், 2024இல் இணையப் பாதுகாப்புச் சட்டம். அந்தப் பின்னதில் தகவல்தொடர்பும் தற்காப்பும் முக்கியத் துறைகளாகப் பட்டியலில் இருக்கின்றன. ஊடுருவல் சோதனை, அதாவது அனுமதியோடு உள்ளே நுழைந்து பார்த்து ஓட்டைகளைக் கண்டுபிடிக்கிற வேலை, செய்து தருகிற நிறுவனங்கள் உரிமம் எடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. உரிமம் கேட்கிற இடத்தில் ஆள் தேவைப்படும். ஆனாலும் 'செயற்கைக்கோள் பாதுகாவலர்' என்று பதவி விளம்பரம் வரும் என்று காத்திருக்காதீர்கள். முதல் நாலைந்து வருஷம் ஒரு வங்கியின் கணினிகளை இரவில் கண்காணிக்கிற அறையிலோ, பினாங்கின் பாயான் லெப்பாஸில் ரேடியோ அலைக் கருவிகளைச் சோதிக்கிற வேலையிலோ போகும். அக்கா, அதாவது உங்கள் மனைவி, அங்கே ஃபேக்டரியில் டெக்னீஷியனாக இருக்கிறார் என்றீர்களே, எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்றால் என்ன என்று மகளுக்கு ஒரு நாள் அவரே சொல்லிக் கொடுக்கட்டும். எந்த வகுப்பிலும் அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

வீட்டிலேயே செய்ய ஒன்று உண்டு. கையடக்க எஸ்டிஆர் ரிசீவர் (கணினி மென்பொருளோடு இயங்கும் ரேடியோ) ஒன்றை வாங்கி மடிக்கணினியில் செருகி, உலோக அளவு நாடாவை வெட்டி பிவிசி குழாயில் கட்டினால் ஆண்டெனா தயார். விண்வெளி நிலையம் கடக்கிற நேரத்தைப் பார்த்து மாடியில் நின்று, 145.800 மெகாஹெர்ட்ஸில் அங்கே இருப்பவர்கள் பேசுவதைக் கேட்கலாம். எப்போதும் பேச மாட்டார்கள், பொறுமை வேண்டும். ஆனால் சிக்னல் வரும்போது திரையில் ஒரு கோடு முதலில் அந்த அலைவரிசைக்குக் கொஞ்சம் மேலே நின்று, நிலையம் தலைக்கு மேல் கடக்கும்போது சரிந்து அதற்குக் கீழே இறங்கும். ஆம்புலன்ஸ் கடந்து போகும்போது சைரன் சுருதி இறங்குவது போலத்தான். டாப்ளர் விளைவைப் பாடநூலில் படித்துக் குழம்பிய பிள்ளைகள், அந்தக் கோட்டைப் பார்த்ததும் "ஓ, இதுவா!" என்று சொல்லிவிடுவார்கள்.

கேட்பதோடு நிற்க வேண்டும். உரிமம் இல்லாமல் அலை அனுப்புவது குற்றம், பிறர் கணினிக்குள் 'சும்மா பார்க்கலாம்' என்று நுழைவது 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். அனுமதியோடு செய்ய இடம் உண்டு. 2023இல் அமெரிக்கா மூன்லைட்டர் என்ற உண்மையான செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்து, ஹேக் பண்ணிப் பாருங்கள் என்று போட்டியே நடத்தியது. ஓர் இத்தாலியக் குழு ஜெயித்தது. இந்த வேலைகளுக்குப் பின்னணிச் சோதனை கடுமையாக இருக்கும். பதினேழு வயதில் ஒரு விளையாட்டுத்தனம் பதிவில் ஏறிவிட்டால், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் பிறகு அதை ஈடுகட்டுவது கஷ்டம்.

வரும் சனிக்கிழமை அவளையும் கூட்டி வாருங்கள். சான்றிதழ், கோப்பையெல்லாம் வேண்டாம். கடைசியாக எழுதிய கூடுதல் கணிதத் தாளையும் இயற்பியல் தாளையும் மட்டும் கொண்டு வரட்டும். மதிப்பெண்ணைப் பார்க்க இல்லை. எந்தக் கணக்கில் பேனாவை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள் என்று பார்க்க வேண்டும்.